பெரிய தூணைப் பெரிதாகவே காட்டுவது எப்படி? திருமலை நாயக்கர் மகாலில் எடுத்த ஒரே ஒரு படத்தின் கதை

மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குள் நுழைகிறவர்கள் முதலில் தலையைத் தூக்குகிறார்கள், அடுத்து ஃபோனைத் தூக்குகிறார்கள். அப்புறம் எடுத்த படத்தைப் பார்த்தால் ஏதோ கல்யாண மண்டபத்து வராண்டா மாதிரி இருக்கிறது. நாலு பேர் கைகோத்தால்தான் சுற்றி வளைக்க முடியும் என்று தோன்றுகிற தூண், படத்தில் பத்தடித் தூணாகச் சுருங்கிக் கிடக்கும். ஃபோன் மட்டமானது என்று நினைக்க வேண்டாம், லட்ச ரூபாய் கேமராவிலும் இதேதான் நடக்கிறது. ஏன் நடக்கிறது, அதைச் சமாளிக்க என்ன செய்தோம் என்பதை ஒரு குறிப்பிட்ட வேலையை வைத்துச் சொல்கிறேன்.

வேலை இதுதான். ஒரு கட்டடக்கலை அலுவலகம் புதிதாக வரவேற்பறை கட்டியிருந்தது. கதவைத் திறந்ததும் எதிரே தெரியும் சுவருக்கு மகாலின் உட்புறப் படம் ஒன்று வேண்டும், நெடுக்குவாட்டில், ஆறடி உயரத்துக்கு. அங்கே இருந்த மூத்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உள்ளே வர்றவங்க அண்ணாந்து பார்க்கணும் தம்பி. ஆனா படம் அண்ணாந்து எடுத்த மாதிரி இருக்கக் கூடாது." கட்டடம் கட்டுகிறவர் இல்லையா, தூண் சாய்ந்திருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. இந்த இரண்டு வாக்கியமும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். அந்த முரணைத் தீர்ப்பதுதான் மொத்த வேலையும்.

இடம் தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர், மகாலை 1636-இல் கட்டினார். இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் என்பார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோனபோது இங்கிருந்து நிறையப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார். மிஞ்சியதும் இடிந்து விழுந்துகொண்டிருந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க ஏற்பாடு செய்ததால் தப்பித்தது. அப்புறம் 1970 வரை மாவட்ட நீதிமன்றம் இதற்குள்தான் நடந்தது. படம் எடுப்பவனுக்கு முக்கியம் மூன்று பகுதிகள்: நடுவில் சுமார் 3,700 சதுர மீட்டர் திறந்த முற்றம், அதன் மேற்கே சிம்மாசனம் இருக்கிற சொர்க்க விலாசம், அதற்கு வடமேற்கே நாடக சாலை. நாங்கள் எடுத்துக்கொண்டது சொர்க்க விலாசம்.

அளவு ஏன் தொலைந்துபோகிறது?

இந்தத் தூண்களில் கல் வெளியே தெரியாது. மேலே முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு பூசி, பளபளவென்று தேய்த்திருக்கிறார்கள். உருண்டையான, வெளிர்நிறமான, மொழுமொழு தூண். மேலே போனால் சுதை வேலைப்பாடும் இதழ் இதழான வளைவுகளும் இருக்கின்றன, ஆனால் கண் மட்டத்தில் பிடித்துக்கொள்ள எதுவுமே கிடையாது. சிற்பமில்லை, கல் இணைப்புக் கோடில்லை. கண் எதை வைத்து அளக்கும்? பத்தடித் தூணும் இதே வடிவத்தில் இருக்கலாம், ஐம்பதடித் தூணும் இருக்கலாம். நேரில் நிற்கும்போது நம் உடம்பே அளவுகோலாக இருக்கிறது, கழுத்து வலியே உயரத்தைச் சொல்லிவிடுகிறது. படத்தில் அந்த உடம்பு இல்லை.

இதே மன்னர் கட்டிய புது மண்டபத்தை இதோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும். மகாலிலிருந்து நடந்தே போகலாம், மீனாட்சி கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே. அங்கே தூண் கருங்கல், தூணுக்குத் தூண் செதுக்கல். லின்னேயஸ் ட்ரைப் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர், 1858-இல் மதுரைக்கு வந்து மெழுகுக் காகித நெகடிவில் படங்கள் எடுத்தார். அதில் புது மண்டபத்தின் பக்கத் தாழ்வாரத்தை மேற்கிலிருந்து எடுத்த படம் ஒன்று மிகப் பிரபலம், இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும். நிமிடக்கணக்கில் ஒளி வாங்க வேண்டிய நெகடிவ் அது, நடமாடுகிற ஆள் அதில் பதிய மாட்டார். ஆள் தேவைப்படவும் இல்லை. செதுக்கிய தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுகிக்கொண்டே போவதும், செதுக்கலின் நுணுக்கம் போகப் போக மங்குவதுமே அளவைச் சொல்லிவிடுகின்றன. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மகாலுக்கு வந்து அதே மாதிரி ஆளில்லாத வரிசைத் தூண் எடுக்கிறவர்கள் நிறைய. கிடைப்பது அழகான, ஆனால் எவ்வளவு பெரிசு என்றே தெரியாத படம். புது மண்டபத்துக்குப் பொருந்துவது மகாலுக்குப் பொருந்தவில்லை, ஏனென்றால் கல் தன் அளவைத் தானே சொல்கிறது, பூச்சு சொல்வதில்லை.

அதனால் முதல் முடிவு: சட்டகத்துக்குள் ஆள் வேண்டும். அதுவும் எங்கே வேண்டுமானாலும் இல்லை, தூணின் அடியில், தூணை ஒட்டி. ஆள் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றால் ஆள் பெரிதாகித் தூண் சிறிதாகிவிடும். கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வந்த நண்பர்கள் ஒருவரை ஒருவர் எடுத்துக்கொள்ளும் படங்களில் எல்லாம் மகால் பின்னணிச் சீலையாகப் போய்விடுவது இதனால்தான். ஆளும் தூணும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால்தான் ஒன்று மற்றதை அளக்கும்.

லென்ஸ் விவகாரம்

என்னோடு வந்த தம்பி 14 மில்லிமீட்டர் லென்ஸை ஆசையாகக் கொண்டுவந்திருந்தான். "அண்ணே, இதுல தரையிலேருந்து கூரை வரைக்கும் மொத்தமும் வந்துரும்." வரும்தான். எல்லாம் வரும், எதுவும் பெரிதாக இருக்காது. மிக அகலக் கோணத்தில் பார்க்கிற இந்த மாதிரி லென்ஸ், பக்கத்தில் இருப்பதை ஊதிவிட்டுத் தள்ளி இருப்பதையெல்லாம் பொடியாக்கிவிடும். முதல் தூண் பூதம், மூன்றாம் தூண் குச்சி. கூடவே, உயரத்தைப் பிடிக்கக் கேமராவைக் கொஞ்சம் மேலே சாய்த்தாலும் தூண்கள் எல்லாம் உச்சியில் ஒன்றை நோக்கி ஒன்று சாய ஆரம்பிக்கும். கேமராவுக்குள் படம் பதிகிற சென்சார் செங்குத்தாக இல்லாவிட்டால் செங்குத்துக் கோடுகள் இணையாக இருக்காது, அவ்வளவுதான் விஷயம், லென்ஸ் எவ்வளவு விலையென்றாலும் சரி.

ஆகவே கேமரா மட்டமாக நிற்க வேண்டும். மட்டமாக நின்றால் எவ்வளவு பின்னால் போக வேண்டும்? இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, நான் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் இதைப் போட்டுப் பார்ப்பேன். முழு ஃபிரேம் சென்சாரின், அதாவது பழைய ஃபிலிம் சட்டம் அளவுக்கே இருக்கிற சென்சாரின் நீளம் 36 மில்லிமீட்டர். கேமராவை நெடுக்காகப் பிடித்தால் மையத்துக்கு மேலே 18 மில்லிமீட்டர். இந்த 18-ஐ லென்ஸின் எண்ணால், அதாவது அதன் மில்லிமீட்டர் குவியத் தூரத்தால் வகுத்தால், ஒரு மீட்டர் தூரத்துக்குக் கண்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் தெரியும் என்று வரும். 24 லென்ஸுக்கு 0.75. 50 லென்ஸுக்கு 0.36. வளைவின் உச்சி 15 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், கேமரா ஒன்றரை மீட்டரில். மிச்சம் பதின்மூன்றரை மீட்டர். 24 லென்ஸோடு 18 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், 50 லென்ஸோடு 37 மீட்டருக்கும் மேல். முற்றம் அவ்வளவு பெரிதாக இருப்பதால் 50 லென்ஸே சாத்தியம். பெரும்பாலான அரண்மனைகளிலும் கோவில் மண்டபங்களிலும் இந்த வசதி கிடைக்காது, பின்னால் சுவர் இடித்துவிடும்.

ஆனால் மட்டமாகப் பிடித்த படத்தில் கீழ்ப்பாதி முழுக்கத் தரை. அதை வெட்டி எறியலாமே என்றால், ஆறடிப் பிரிண்ட் ஞாபகத்துக்கு வர வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் நெடுக்காக 6,000 புள்ளி. ஆறடி என்றால் 72 அங்குலம், அங்குலத்துக்கு 83 புள்ளிதான் தேறுகிறது. வரவேற்பறையில் பத்தடி தள்ளி நின்று பார்ப்பதற்கு அது போதும். கீழே மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டு மிச்சத்தை ஆறடிக்கு இழுத்தால் 55-க்கு இறங்கிவிடும். கணினியில் சாய்வை நிமிர்த்துகிற கருவிகளும் இதே மாதிரிதான். ஓரங்களைத் தின்றுவிட்டு, மேற்பகுதியை இழுத்து நீட்டுகின்றன. கூர்மை தேவைப்படுகிற வளைவு வேலைப்பாடு அந்த மேற்பகுதியில்தான் இருக்கிறது.

அதனால் ஷிஃப்ட் லென்ஸ் வாடகைக்கு எடுத்தோம், 24 மில்லிமீட்டர். கேமரா மட்டமாகவே இருக்க, லென்ஸை மட்டும் மேல்நோக்கி நகர்த்தலாம். 10 மில்லிமீட்டர் நகர்த்தினால் மேலே கிடைப்பது 18 இல்லை, 28. தரை குறைகிறது, உச்சி வருகிறது, தூண் சாயவில்லை, புள்ளி ஒன்றும் வீணாகவில்லை. "அண்ணாந்து பார்க்கணும், அண்ணாந்து எடுத்த மாதிரி இருக்கக் கூடாது" என்று அவர் கேட்டது சரியாக இதைத்தான். பெயர் தெரியாமலே கேட்டிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷிஃப்டை முழுசாக ஏற்றிவிட்டால் தூண்கள் கணக்குப்படி நேராக இருந்தும், மேலே அகலமாகி நம்மேல் விழுகிற மாதிரி கண்ணுக்குத் தோன்றும். உயரமான ஒன்றை நிமிர்ந்து பார்க்கும்போது மேலே கொஞ்சம் குறுகுவதைத்தான் மூளை எதிர்பார்க்கிறது. நாங்கள் லென்ஸ் அனுமதிக்கும் எல்லை வரை போகாமல் நிறுத்திக்கொண்டோம்.

எங்கே நிற்பது?

எல்லாரும் எடுப்பது நட்ட நடு அச்சு: முற்றத்தின் மையத்தில் நின்று சிம்மாசனத்தைப் பார்த்து, இரண்டு பக்கமும் சமமாக. மோசமில்லை, ஆனால் அந்தப் படம் முகப்பைத்தான் காட்டும், ஆழத்தைக் காட்டாது. வரிசை வரிசையாகத் தூண் அடுக்கியிருக்கிற கட்டடத்தில் நேராக நின்றால் முன் தூண் பின் தூணை மறைத்துவிடுகிறது. இங்கே மொத்தம் 248 தூண்கள் என்று சொல்வார்கள், நடு அச்சில் நின்றால் அதில் பத்துப் பதினைந்துகூடக் கண்ணில் படாது. நாங்கள் அச்சிலிருந்து தெற்கே விலகி, முன் வரிசையின் இரண்டு தூண்களுக்கு நடுவே பின் வரிசைத் தூண் ஒன்று முழுசாக, இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளிச்ச இடைவெளியோடு தெரியும் இடத்தைத் தேடினோம். அந்த இடைவெளி முக்கியம். தூணும் தூணும் உரசிக்கொண்டு தெரிந்தால் இரண்டும் ஒட்டி ஒரே சுவராகிவிடும். இதற்கு லென்ஸ் மாற்றுவதில் பலனில்லை, அரை அடி இடம், அரை அடி வலம் என்று காலைத்தான் நகர்த்த வேண்டும்.

இடத்தை முடிவு செய்ததில் நாற்காலிகளுக்கும் பங்குண்டு. சாயங்காலம் ஒலி ஒளிக் காட்சி நடக்கிற இடம் அது, முற்றத்தில் பார்வையாளர் நாற்காலிகள் கிடக்கும். பொது இடத்தில் அது இருக்கத்தான் செய்யும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆறடிப் பிரிண்டில் நாற்காலிதான் முதலில் கண்ணைக் குத்தும். படிக்கட்டை நெருங்கி வந்துவிட்டால் நாற்காலிகள் முதுகுப்பக்கம் போய்விடுகின்றன. கிட்ட வந்தால் உயரம் அடங்காதே என்றால், மேலே போட்ட அதே கணக்கில் 28-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள், பன்னிரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும் என்று வருகிறது.

கேமரா உயரம் பற்றிப் பலர் கவலைப்படுவதில்லை. சமதளத் தரையில் கேமராவை ஆள் கண்மட்டத்தில் வைத்தால், பக்கத்தில் நிற்பவர் தலையும் தூரத்தில் நிற்பவர் தலையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்துவிடும். கூட்டம் ஒரு மெல்லிய பட்டையாக அடங்கிவிடுகிறது, அதற்குமேல் முழுக்கக் கட்டடத்தின் ராஜ்யம். முட்டி உயரத்துக்கு இறக்கினால் கிட்ட இருக்கிறவர்களின் தலைகள் மேலே ஏறித் தூணின் இடத்தைத் தின்ன ஆரம்பிக்கும். "கீழேருந்து எடுத்தா கெத்தா இருக்கும்ணே" என்பது பைக் படத்துக்குச் சரி.

வெயில்

சொர்க்க விலாசம் மேற்கே இருக்கிறது, கிழக்கு பார்த்துத் திறந்திருக்கிறது. அப்படியென்றால் காலை வெயில்தான். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்து பாகைக்குக் கொஞ்சம் குறைவு, சூரியன் மடமடவென்று ஏறிவிடும். மார்ச் கடைசியில், மகால் திறக்கிற காலை ஒன்பது மணிக்கே வெயில் ஏறக்குறைய நாற்பது பாகைக்கு வந்துவிடுகிறது. பன்னிரண்டு மீட்டர் உயரத் திறப்பு வழியாக அந்த வெயில் ஏறக்குறைய பதினான்கு மீட்டர் உள்ளே விழும். பத்தரைக்கெல்லாம் அறுபது பாகையைத் தாண்டிவிடும், வெயில் ஆறு மீட்டருக்குச் சுருங்கிவிடும். உச்சியில் முற்றம் மட்டும் எரியும், உள்ளே ஒன்றும் வராது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் சரியாகத் தலைக்குமேல் வருகிற ஊர் இது. ஆக, திறந்த முதல் ஒன்றரை மணி நேரம்தான் வேலைக்கு ஆகும்.

தூண் உருண்டை என்று படத்தில் தெரிய வேண்டுமானால் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், நடுவில் மெதுவான மாற்றம் வேண்டும். மேகமூட்டத்தில் எடுத்தால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகி, உருண்டைத் தூண் அட்டையில் வெட்டி ஒட்டியதாகிவிடும். கட்டடப் படத்துக்கு மேகமூட்டம் நல்லது என்று பொதுவாகச் சொல்வதை இங்கே கேட்காதீர்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் காலை வெயில் ஏறக்குறைய நேராக உள்ளே வரும். டிசம்பரில் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வருவதால் தூண்களின் நிழல் தரையில் குறுக்காக விழும், பக்க வெளிச்சமும் நன்றாகக் கிடைக்கும். எனக்குக் கேட்டால் டிசம்பர், ஜனவரிதான் சொர்க்க விலாசத்துக்குச் சரியான காலம். நாங்கள் எடுத்ததும் அப்போதுதான்.

வெளிச்ச வித்தியாசம்தான் தலைவலி. முற்றத்தில் வெயில், உட்கூரையில் இருட்டு, ஒரே எக்ஸ்போஷரில், அதாவது ஒரே அளவு ஒளி வாங்கி எடுக்கிற படத்தில், இரண்டும் வராது. முக்காலிக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்ததால் லென்ஸ் திறப்பை எஃப் 9-இல் வைத்து, இரண்டு இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) மூன்று எக்ஸ்போஷர் எடுத்துப் பிறகு சேர்த்தோம். அனுமதி இல்லாதவர்கள் ஏதாவது ஒரு சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஐஎஸ்ஓ என்கிற ஒளி உணர்திறனை ஏற்றி, வெளிச்சமான பகுதி வெந்துபோகாமல் பார்த்து, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்தால் இன்றைய கேமராக்களில் நிழலை நிறையவே மீட்கலாம். சேர்க்கும்போது கை நீளக் கூடாது. நிழலை எல்லாம் தூக்கிப் பளிச்சென்று ஆக்கிவிட்டால் வெயில் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும். உட்கூரையின் உள்மூலை இருட்டாகவே இருக்கட்டும் என்று விட்டோம்.

நிறத்தில் ஒரு வேடிக்கை. வெயில் முற்றத்துத் தரையில் பட்டுத் திரும்பி மேலே போகும்போது கூரையின் அடிப்பக்கம் மஞ்சளாக மின்னும். திறந்த வானத்தைப் பார்க்கிற நிழல் பக்கம் நீலம் அடிக்கும். ஒரே தூணில் இரண்டும் இருக்கும். தம்பி இரண்டையும் சமமான வெள்ளையாக்கப் பார்த்தான், நான் விடவில்லை. அந்த மஞ்சள்தான் கூரை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று காட்டுகிறது.

ஆளுக்கு வருவோம். மாடல் யாரையும் நிறுத்தவில்லை. ஒரு தூணைக் குறிவைத்துக் காத்திருந்தோம், யார் வந்து நிற்கிறாரோ அவர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள், அளவு இன்னும் அதிகமாகத் தெரிந்தது, ஆனால் அது ஏமாற்று வேலை மாதிரி இருந்ததால் அந்தப் படங்களை ஒதுக்கிவிட்டேன். கடைசியில் தேர்வானதில் ஒரு அம்மா, அடர்சிவப்புச் சேலை, தூணின் நிழல் பக்கத்தில் நின்று மேலே பார்க்கிறார், முகம் தெரியவில்லை. பிரிண்டில் அவர் உயரம் ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல். வளைவின் உச்சி அவரைப்போல் ஒன்பது மடங்கு. பார்ப்பவர் யாரும் கணக்குப் போடப்போவதில்லை, கண் போட்டுவிடும்.

தூணில் ஆள் எட்டும் உயரம் வரை பெயர்க் கிறுக்கல்கள் இருக்கின்றன, இதயமும் அம்பும் சகிதம். அலுவலகத்தில் ஒருவர் அதை அழித்துத் தரச் சொன்னார். மூத்தவர் வேண்டாம் என்றுவிட்டார், நானும் அதையே சொல்லியிருப்பேன். ட்ரைப்கூட வெறிச்சோடிய வானத்துக்கு நெகடிவிலேயே மேகம் வரைந்து சேர்த்தவர்தான், படத்தைத் தொடவே கூடாது என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் அந்த மொழுமொழு தூணில் கண் மட்டத்தில் இருக்கிற ஒரே அளவுகோல் அந்தக் கிறுக்கல். கை எவ்வளவு உயரம் எட்டும் என்று அது சொல்கிறது. அசிங்கம்தான், அழித்திருந்தால் படம் கொஞ்சம் சிறுத்திருக்கும்.

கேமராவைத் தரையில் மல்லாக்க வைத்துக் கவிமாடத்தின் உட்புறத்தையும் எடுத்துக் கொடுத்தோம். பார்த்தவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் பாராட்டினார்கள், சுவருக்கு யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மேலே பார்க்கும் படத்தைச் செங்குத்தான சுவரில் மாட்டினால் அது வட்டக் கோலமாகிவிடுகிறது, மேல் கீழ் தெரியாது. ஃபோன் திரைக்கு அருமையான படம்.

இப்போது உள்ளே இருக்கிற கூட்ட அறைக்கு நாடக சாலை வேண்டும் என்கிறார்கள். அங்கே பின்வாங்க முற்றம் கிடையாது, கற்சிற்பங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், நீளமான கூடத்தில் வெளிச்சமும் வேறு கணக்கு. ஷிஃப்ட் லென்ஸ் வாடகையும் முக்காலி அனுமதிக்கான அலைச்சலும் அவர்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால் டிசம்பரில் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.